பனியன் கம்பெனி வீட்டிலிருந்து இன்ஜினீயரிங்: கால்குலஸ் டவுட்டை யாரிடம் கேட்பது?

ராத்திரி பத்தே முக்காலுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. நோட்டில் ஒரு கணக்கு, கீழே ஒரு வரி: "அக்கா, இதுல 30-ஐ ஏன் விட்டுட்டாங்கன்னு தெரியலைங்க."

அனுப்பியது திருப்பூரில் இருக்கும் என் மாமா பையன். இன்ஜினீயரிங் முதல் வருஷம். மாமா டெய்லர், அத்தை ஒரு பனியன் கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷன். ஒன்றரை ஷிப்ட் முடித்து இருவரும் வீடு வரவே ஒன்பது மணி ஆகும். அந்த வீட்டில் கால்குலஸ் தெரிந்தவர் யாரும் இல்லை. நான் படித்ததோ மீடியா ஸ்டடீஸ். ஆனாலும் அவன் கேட்ட ஆள் நான்தான்!

திருப்பூர், அவிநாசி, பல்லடம் பக்கம் இப்படி எத்தனையோ வீடுகள். அவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

சீட் கிடைத்துவிட்டது, அப்புறம் என்ன பிரச்னை?

6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு இன்ஜினீயரிங் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5% இடம் ஒதுக்கும் சட்டம் 2021-ல் வந்தது. அவர்களின் கல்வி, விடுதி, கலந்தாய்வுக் கட்டணங்களை அரசே ஏற்கும் என்று அதே ஆண்டு செப்டம்பரில் முதல்வர் ஸ்டாலின் அறிவித்தார். மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-லும், தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-லும் தொடங்கின.

ஆக, உள்ளே நுழைய வழி இருக்கிறது. நுழைந்ததும் நிற்கும் முதல் சுவர் கணக்கு. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் முதல் செமஸ்டர் கணக்குத் தாளின் பெயரே 'அணிகளும் கால்குலஸும்' என்றுதான் இருந்தது. அதன் ஐந்து யூனிட்டில் முதலாவது மட்டும் அணிகள், மீதி நாலும் கால்குலஸாக இருந்தன.

இதில் அரியர் விழுந்தால் என்ன என்று கேட்கலாம். வேறு ஊரில் அரியர் என்றால் அடுத்த செமஸ்டரில் எழுதிக்கொள்ளலாம். திருப்பூரில் இன்னொரு கதவு எப்போதும் திறந்தே இருக்கிறது. தெரிந்தவர் ஒருவர் சொன்னால் போதும், திங்கட்கிழமை கம்பெனியில் சேர்ந்து சனிக்கிழமை சம்பளம் வாங்கிவிடலாம். ரெண்டு அரியர் விழுந்த பையனுக்கு அந்தச் சனிக்கிழமை சம்பளம் ரொம்பப் பக்கத்தில் தெரியும்.

தெரியாதது கணக்கா, இங்கிலீஷா?

தமிழ்வழியில் படித்தவர்கள் பலருக்கு முதல் அடி இங்கேதான். 'வகைக்கெழு' என்றால் தெரியும், வகுப்பில் 'டெரிவேட்டிவ்' என்றதும் புதுசாகத் தெரியும். சார்புதான் ஃபங்ஷன். எல்லைதான் லிமிட். தொடர்ச்சி என்பது கன்டினியூட்டி. தொகையிடல் என்பது இன்டக்ரேஷன். பகுதி வகைக்கெழு என்பது பார்ஷியல் டெரிவேட்டிவ்.

இதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. தமிழக அரசின் 11, 12-ம் வகுப்புக் கணக்குப் புத்தகங்கள் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் இணையத்தில் இலவசம். இரண்டிலும் பாடங்களின் வரிசை ஒன்றுதான். ஒரே பாடத்தை இரண்டிலும் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், ஒரு வாரத்தில் பாதி பயம் போய்விடும். கல்லூரி கால்குலஸின் அடித்தளமும் அந்தப் புத்தகங்களில்தான் இருக்கிறது.

பார்ஷியல் டெரிவேட்டிவ் என்றால் என்ன? துணியிலேயே பார்க்கலாம்

துணியின் எடை = நீளம் × அகலம் × ஜிஎஸ்எம். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பது. 100 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 180 ஜிஎஸ்எம் என்றால் 36,000 கிராம், அதாவது 36 கிலோ.

நீளம், அகலம் அப்படியே இருக்கட்டும். ஜிஎஸ்எம் மட்டும் 1 கூடினால்? 200 கிராம் கூடும். 5 கூடினால் 1 கிலோ. அந்த 200 தான், ஜிஎஸ்எம்மைப் பொறுத்து எடையின் பகுதி வகைக்கெழு. மற்றதையெல்லாம் அசையாமல் பிடித்துக்கொண்டு ஒன்றை மட்டும் நகர்த்திப் பார்ப்பது, அவ்வளவுதான். நிட்டிங்கில் வேலை செய்பவர்கள் இதைத் தினமும் செய்கிறார்கள், பெயர்தான் தெரியாது.

யாரிடம் கேட்பது?

முதலில் வகுப்பு ஆசிரியர், அடுத்து சீனியர்கள். "இதுகூடத் தெரியாதா" என்று யாராவது சிரித்துவிடுவார்களோ என்ற கூச்சத்தில்தான் பலர் கேட்பதே இல்லை.

அந்தக் கூச்சத்துக்கு வீடியோ நல்ல மருந்து. 2004-ல் அமெரிக்காவில் சல்மான் கான் என்பவர், வேறு ஊரில் இருந்த தன் உறவுக்காரச் சிறுமிக்குத் தூரத்தில் இருந்தே கணக்கு சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். பிறகு வீடியோவாகப் போட்டார். உறவுக்காரப் பிள்ளைகள், நேரில் வருவதைவிட வீடியோதான் பிடித்திருக்கிறது என்றார்களாம். பத்து முறை நிறுத்திக் கேட்டாலும் அது முகம் சுளிக்காதே! கான் அகாடமி வளர்ந்த கதை இது.

நம்ம ஊருக்கு என்பிடெல் இருக்கிறது. ஐஐடிகளும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-ல் தொடங்கியது. வீடியோக்கள் இலவசம், சான்றிதழ் தேர்வுக்கு மட்டும் கட்டணம். பல பாடங்களுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு.

சாட்ஜிபிடி, ஜெமினி போதாதா?

என் மாமா பையன் செய்ததும் அதைத்தான். கணக்கு இது: 60 செ.மீ. சதுர அட்டையின் நாலு மூலையிலும் ஒரே அளவு சதுரம் வெட்டி, மடித்துத் திறந்த பெட்டி செய்ய வேண்டும். அதிகக் கொள்ளளவு வர எவ்வளவு வெட்டணும்?

வெட்டும் அளவு 'அ' என்றால், கொள்ளளவு = அ × (60 − 2அ) × (60 − 2அ). இதை வகையிட்டுப் பூஜ்யத்துக்குச் சமப்படுத்தினால் (60 − 2அ) × (60 − 6அ) = 0. விடை 30 அல்லது 10. ஆப் "30 பொருந்தாது, எனவே 10" என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. அவன் நோட்டில் எழுதியும்விட்டான். ஆனால் ஏன் பொருந்தாது?

எனக்கும் சட்டென்று பிடிபடவில்லை. வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தபோது, சாப்பாடு எடுத்து வைத்துக்கொண்டிருந்த அத்தை ஒரு பேப்பரை எடுத்தார். "ஏனுங்கண்ணு, அறுபதுல இந்தப்பக்கம் முப்பது அந்தப்பக்கம் முப்பது வெட்டினா, மடிக்கறதுக்கு அட்டை எங்க இருக்குது?"

அவ்வளவுதான் விஷயம். நாலு சதுரமும் சேர்ந்து மொத்த அட்டையையும் தின்றுவிடும். பெட்டியே இல்லை.

ஆகவே ஏஐ உதவி வேண்டாம் என்பதல்ல. மூன்று பழக்கம் இருந்தால் போதும்.

ஒன்று, "விடை சொல்லாதே, அடுத்த ஸ்டெப் மட்டும் சொல்லு" என்று கேளுங்கள். தமிழிலேயே கேட்கலாம்.

இரண்டு, எண்ணைப் போட்டுச் சரிபாருங்கள். 5 வெட்டினால் 12,500 கன செ.மீ. 15 வெட்டினால் 13,500. 10 வெட்டினால் 16,000. இப்போது நம்பலாம். ஏஐ தப்பான விடையையும் இதே தெம்போடுதான் சொல்லும்.

மூன்று, மூடி வைத்துவிட்டு மறுநாள் காலையில் அதே கணக்கை வெறும் தாளில் போடுங்கள். எங்கே பேனா நிற்கிறதோ, அதுதான் உங்கள் உண்மையான டவுட். ஆசிரியரிடம் "சார், கணக்கு புரியல" என்று போவதைவிட "சார், இந்த வரியில இருந்து அந்த வரி எப்படி வந்துச்சு?" என்று போனால், ரெண்டு நிமிஷத்தில் பதில் கிடைக்கும். கேட்கும் கூச்சமும் குறையும்.

பெற்றோர் என்ன செய்யலாம்?

கால்குலஸ் தெரிய வேண்டியதில்லை. "இன்னிக்கு என்ன கணக்கு, எனக்குச் சொல்லு பார்க்கலாம்" என்று கேட்டால் போதும். உங்களுக்குப் புரியும்படி சொல்ல முயலும்போது, எங்கே தடுமாறுகிறோம் என்று பிள்ளைக்கே தெரிந்துவிடும்.

அன்றைக்கு அத்தை பேப்பரைக் கீழே வைத்துவிட்டு, "இதுக்கா இத்தனை நேரம் முழிச்சிட்டு இருந்தே?" என்று கேட்டார். பையன் பதில் சொல்லவில்லை. நோட்டில் '30 பொருந்தாது' என்ற வரியை அடித்துவிட்டு, 'அட்டை மிச்சம் இருக்காது' என்று எழுதிக்கொண்டிருந்தான்.