செராத்திங் அலையில் யாருக்கு முதலில் வழி? பலகையோடு கடலில் இறங்குவோர் அறிய வேண்டியவை

நவம்பர் பிறந்துவிட்டால் வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலைக் கலக்கத் தொடங்கிவிடும். கிளந்தான், திரெங்கானு, பகாங் பக்கமிருந்து வெள்ளச் செய்திகள் வரும். மீனவர்கள் படகுகளைக் கரையேற்றிவிடுவார்கள். ஆனால், இந்த மாதங்களுக்காகவே ஆண்டு முழுவதும் காத்திருக்கும் ஒரு கூட்டமும் உண்டு. குவாந்தானுக்கு வடக்கே ஏறக்குறைய 45 கிலோமீட்டரில் இருக்கும் செராத்திங் கடற்கரைக்குப் பலகைகளோடு வரும் அலைச்சறுக்குக்காரர்கள்தாம் அவர்கள். நவம்பரில் இருந்து மார்ச் வரை அங்கே அவர்களுக்குத் திருவிழாக் காலம்.

2021இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் அலைச்சறுக்கு முதன்முறையாக இடம்பெற்றது. அதற்குப் பிறகு 'சர்ஃபிங்' என்ற சொல் நம் வீடுகளிலும் அந்நியமாக இல்லை. ஆண்டிறுதி விடுமுறையில் ஒரு வேனைப் பிடித்துக்கொண்டு கிழக்குக் கரைக்குப் போகும் நம் இளைஞர்களில் சிலர், அங்கே ஒரு மணி நேரத்துக்கு ஒரு பலகையை வாடகைக்கு எடுத்துப் பார்க்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால், இதில் ஒரு சிக்கல் இருக்கிறது.

நம்மில் பெரும்பாலோர் கடலைப் பழகியது போர்ட்டிக்சனிலும் மோரிப்பிலும். அங்கே இருப்பது மலாக்கா நீரிணை. எதிரே சுமத்ரா தீவு மறைத்து நிற்பதால் பெரிய அலைகள் எழுவதில்லை. இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து கதை பேசலாம். தென்சீனக் கடல் அப்படிப்பட்டதல்ல. பருவக்காற்று காலத்தில் திறந்த கடலில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் காற்று அடித்து உருட்டிவிட்ட அலை அது. அந்த அலையின்மேல் எட்டடிப் பலகை ஒன்று, ஓர் ஆளையும் சுமந்துகொண்டு, கரையை நோக்கி வருகிறது. எதிரில் நாம் இருக்கிறோம்.

அலைச்சறுக்கில் ஏற்படும் காயங்களில் பெரும்பங்கு சுறாவாலோ மூழ்குவதாலோ வருவதல்ல. பலகை மோதித்தான் வருகிறது. அதிலும் தன்னுடைய சொந்தப் பலகையே தன்னைத் தாக்குவது மிகுதி. அடுத்தவர் பலகை அதற்கடுத்து. பலகையின் அடியில் மீன் துடுப்பு போல நீட்டிக்கொண்டிருக்கும் 'ஃபின்' தோலைக் கிழித்துவிடும். முனை கண்ணையோ பல்லையோ பதம் பார்த்துவிடும். கடலில் சாலைக்கோடு இல்லை, சமிக்ஞை விளக்கு இல்லை, போலீஸும் இல்லை. ஆகவே உலகம் முழுவதும் அலைச்சறுக்குக்காரர்கள் தங்களுக்குள் சில வழக்கங்களை வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் எழுதப்படாத சட்டம்.

முதல் வழக்கம் இது: அலை எங்கே முதலில் உடைகிறதோ, அந்த இடத்துக்கு மிக அருகில் இருப்பவருக்கே அந்த அலை. ஓர் அலை கரை முழுவதும் ஒரே நேரத்தில் உடைவதில்லை. ஓரிடத்தில் நுரை தள்ளத் தொடங்கி, அங்கிருந்து பக்கவாட்டில் சரசரவென்று உடைந்துகொண்டே போகும். சறுக்குபவர் அந்த நுரைக்கு முன்னால், இன்னும் உடையாத வழவழப்பான சுவரின்மேல் ஓடிக்கொண்டிருப்பார். அவர் ஏறிவிட்ட அலையில் அவருக்கு முன்னால் இன்னொருவர் குறுக்கே ஏறினால் இருவருக்கும் தப்ப இடமில்லை. ரவுண்டபவுட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வட்டத்துக்குள் ஏற்கெனவே இருக்கும் வண்டிக்குத்தான் வழி; வெளியே இருப்பவர் காத்திருக்க வேண்டும். போட்டிகளில் இப்படிக் குறுக்கே புகுந்தால் மதிப்பெண்ணை வெட்டிவிடுவார்கள்.

இதை மீறுவோர் மேல் கோபம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு பழைய கதை உண்டு. 1966இன் உலக வெற்றியாளர் நாட் யங், 2000ஆம் ஆண்டில் ஆங்கூரி என்ற கடற்கரையில் அலைத் தகராறு முற்றி முகம் உடையும் அளவுக்கு அடிபட்டார். பிறகு அலைச் சண்டைகளைப் பற்றியே ஒரு நூலைக் கொண்டுவந்தார். செராத்திங் அந்த அளவுக்குச் சூடான இடமல்ல. உள்ளூர்ப் பையன்கள் பொதுவாகச் சிரித்த முகத்தோடு வழி சொல்பவர்கள். அதற்காக வரிசையை வெட்டிக்கொண்டு போகலாம் என்று பொருளல்ல. முன்னால் துடுப்புப் போட்டு, சுற்றிப் போய், காத்திருந்தவரைவிட உள்ளே நுழைந்து அலையைப் பறிப்பதும் குற்றமாகவே எண்ணப்படும். பேருந்து நிலையத்தில் வரிசைக்கு நடுவே நுழைபவரை நாம் என்ன நினைப்போமோ, அதேதான்.

இனி, இந்தக் கட்டுரையின் முக்கியப் பகுதிக்கு வருவோம். அலையில் ஏறுவதைவிட, அலைக்கு அப்பால் போய்ச் சேருவதில்தான் புதியவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். பலகையின்மேல் குப்புறப் படுத்து, இரு கைகளாலும் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வெளியே போகிறீர்கள். எதிரே ஒருவர் அலைமேல் வருகிறார். யார் விலக வேண்டும்? நீங்கள்தான். ஓடுகிற அலையில் நிற்பவருக்கு நிறுத்தும் பிரேக் கிடையாது. தோட்டத்துச் செம்மண் சாலையில் செம்பனைக் குலை ஏற்றிய லோரி இறக்கத்தில் வந்தால், மேட்டில் ஏறும் மோட்டார்சைக்கிள்தானே ஓரம் கட்டும்.

எந்தப் பக்கம் விலகுவது என்பதில்தான் மனித மூளை ஏமாற்றுகிறது. நுரை ஆர்ப்பரித்துக்கொண்டு வருகிறது; பக்கத்தில் உடையாத சுவர் அமைதியாக இருக்கிறது. யாராக இருந்தாலும் அமைதியான பக்கம்தான் ஓடத் தோன்றும். ஆனால், சறுக்குபவரும் அந்தப் பக்கம்தான் வந்துகொண்டிருக்கிறார். அவருக்கு வேறு வழியில்லை. நுரைக்குள் போனால் அவர் விழுந்துவிடுவார். எனவே நீங்கள் அவருக்குப் பின்னால், நுரை இருக்கும் பக்கமாகத் திரும்ப வேண்டும். நுரை உங்களைப் புரட்டி எடுக்கும், நாலு முழுங்கு உப்புத் தண்ணீரும் உள்ளே போகும். போகட்டும். பலகை முகத்தில் மோதுவதைவிட அது மேல். சாலையில் மாடு குறுக்கே போனால் வண்டியை அதன் தலைக்கு முன்னால் விடாதே, வாலுக்குப் பின்னால் விடு என்று பழைய ஓட்டுநர்கள் சொல்வார்கள். மாடு முன்னால்தான் போகும், பின்னால் வராது. அலையிலும் அதே கணக்குதான்.

முடிவை முன்கூட்டியே எடுத்துவிடுவதும் முக்கியம். வலப்பக்கம் இரண்டு தள்ளு, பிறகு மனம் மாறி இடப்பக்கம் இரண்டு தள்ளு என்று தடுமாறினால், எதிரே வருபவரால் உங்களைக் கணிக்க முடியாது. ஒரு பக்கத்தைத் தேர்ந்து அதிலேயே போய்விடுங்கள். சறுக்குபவருக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. எதை உற்றுப் பார்க்கிறோமோ அந்தப் பக்கமே உடம்பும் பலகையும் திரும்பும். மோட்டார்சைக்கிள் ஓட்டுவோருக்கு இது தெரிந்திருக்கும். குழியையே பார்த்துக்கொண்டு போனால் குழியில்தான் விழுவோம். எதிரே இருக்கும் ஆளைப் பார்க்காமல், ஆளுக்குப் பக்கத்தில் இருக்கும் இடைவெளியைப் பார்க்க வேண்டும்.

இந்தச் சந்திப்பே நேராமல் பார்த்துக்கொள்வது இன்னும் நல்லது. கரைக்கு வந்ததும் பலகையைத் தூக்கிக்கொண்டு ஓடாமல், 10 அல்லது 15 நிமிடம் மணலில் உட்கார்ந்து கடலைப் பாருங்கள். அலைகள் ஒரே சீராக வருவதில்லை. பெரியவை சில சேர்ந்து வரும். பிறகு சற்று ஓய்வு. மறுபடியும் ஒரு கூட்டம். அந்த ஓய்வில் வெளியே போனால் பாதித் தொல்லை குறையும். அலை உடையாத, மற்றவர்கள் சறுக்காத ஒரு பக்கவழியும் பெரும்பாலும் இருக்கும். அனுபவசாலிகள் எங்கே இறங்கி எப்படிச் சுற்றிப் போகிறார்கள் என்று பார்த்தாலே அந்தப் பாதை தெரிந்துவிடும். அலை உடையும் இடத்தின் நடுவே நேராகப் போவது, நெடுஞ்சாலையில் எதிர்த்திசையில் நடப்பதற்குச் சமம்.

ஆனால், அந்தப் பக்கவழியில் தண்ணீர் அமைதியாகத் தெரிவதற்குக் காரணம் உண்டு. கரைக்கு வந்த நீர் கடலுக்குத் திரும்பும் இழுவை நீரோட்டம் பெரும்பாலும் அங்கேதான் ஓடும். தெரிந்தவருக்கு அது மின்தூக்கி; சும்மா படுத்திருந்தாலே வெளியே கொண்டுபோய் விடும். நீந்தத் தெரியாத குளிப்பவருக்கு அதுவே எமன். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்துப் போராடக் கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, இழுவை விட்டதும் திரும்ப வேண்டும். பலகை இருந்தால் அதை விடவே கூடாது. அதன்மேல் படுத்துக்கொண்டு கையை உயர்த்தி ஆட்டுங்கள்.

பலகையை விடக் கூடாது என்பது வேறொரு காரணத்துக்காகவும் பெரிய விதி. எதிரே நுரை மலைபோல் வரும்போது, பலகையைத் தூக்கி எறிந்துவிட்டுத் தான் மட்டும் தண்ணீருக்குள் மூழ்குவது புதியவர்களின் இயல்பான பழக்கம். காலில்தான் கயிறு கட்டியிருக்கிறதே என்ற தைரியம். எட்டடிப் பலகை, எட்டடிக் கயிறு என்றால் உங்கள் காலிலிருந்து சுமார் 16 அடி தூரம் வரை அந்தப் பலகை சுழன்றடிக்கும். பின்னால் வந்துகொண்டிருப்பவர் அந்த வட்டத்துக்குள் இருந்தால் அவர் கதி என்ன? கயிறு அறுந்துபோவதும் உண்டு. ஆகவே பெரிய பலகை வைத்திருப்பவர்கள் அதன் இரு ஓரங்களையும் இறுகப் பிடித்துக்கொண்டு, ஆமை கவிழ்வதுபோல் தலைகீழாகப் புரண்டு, நுரை மேலே போனதும் மீண்டும் நிமிர்வார்கள். பயிற்றுநரிடம் முதல் பாடத்திலேயே இதைக் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். நிற்கக் கற்பதைவிட இது அவசரம். அதேபோல் ஒருவருக்கு நேர் பின்னால் துடுப்புப் போடாதீர்கள். சற்றுப் பக்கவாட்டில் தள்ளி வாருங்கள்.

கயிற்றைப் பற்றி இன்னொரு செய்தி. நீரில் அணியும் வெப்ப உடைக்குப் பெயர்பெற்ற ஜாக் ஓ'நீல், 1970களின் தொடக்கத்தில் ஒரு கண்ணை இழந்தார். அவருடைய மகன் பேட் உருவாக்கிய தொடக்ககாலக் கால்கயிறு ரப்பர்போல் இழுபட்டு, பலகையை அவர் முகத்துக்கே திருப்பி அடித்தது. இன்றைய கயிறுகள் அவ்வளவு இழுபடுவதில்லை. இருந்தாலும் விழுந்து எழும்போது ஒரு கையைத் தலைக்குமேல் மறைத்துக்கொண்டே மேலே வர வேண்டும் என்பது இதனால்தான். கயிற்றை வெடுக்கென்று இழுக்கவும் கூடாது. விழும்போது தலைகுப்புறப் பாயாதீர்கள். ஆழம் குறைவான இடத்தில் கழுத்து முறிந்துவிடும். உடம்பைத் தட்டையாக வைத்து, பலகையை விட்டு விலகி விழுங்கள்.

நான் தமிழ் படித்தவள் என்பதால் ஓர் இடைச்செருகல். அலை, திரை, ஓதம் என்று கடலின் அசைவுக்கு நம்மிடம் சொற்கள் நிறைய. கடலோடு வாழ்ந்த இனம் நாம். சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் மீனவ இளைஞர்கள் அலைச்சறுக்கில் பெயரெடுத்திருக்கிறார்கள். இலங்கையின் கிழக்கில் பொத்துவில் அருகே அறுகம்பைக்கு உலகெங்குமிருந்து பலகையோடு வருகிறார்கள். அங்கே பருவம் நமக்கு நேர் எதிர், ஆண்டின் நடுப்பகுதியில். ரப்பர்த் தோட்டத்துக்கு வந்த நாம்தான் கடலைக் கொஞ்சம் மறந்துவிட்டோம்.

பலகையைத் தொடாத குடும்பங்களும் இதைப் படிக்க வேண்டும். செராத்திங் போன்ற இடங்களில் புதியவர்கள் பழகுவது ஆழத்தில் அல்ல. இடுப்பளவு நீரில், உடைந்துவரும் நுரையில்தான். பிள்ளைகள் விளையாடுவதும் அதே நுரையில்தான். முதல்நாள் பலகை ஏறியவருக்குத் திருப்பத் தெரியாது. நேராகத்தான் வருவார், கரைதட்டும் வரை. சென்ற பருவத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே நின்று பார்த்தபோது, கரையில் இருந்த தாய்மார்கள் எல்லாரும் கடல் இழுத்துவிடுமோ என்றுதான் பயந்தார்கள். பலகை வரும் திசையை யாரும் பார்க்கவில்லை. பலகைகள் இறங்கும் இடத்திலிருந்து நன்றாகத் தள்ளிப் பாய் விரியுங்கள். பிள்ளைகளைக் கடலுக்கு முதுகு காட்டி நிற்க விடாதீர்கள். நீங்கள் பலகை வைத்திருப்பவராக இருந்தால், முன்னால் ஒரு பிள்ளையின் தலை தெரிந்தால் அந்த அலையை விட்டுவிடுங்கள். ஏறிவிட்டால், பலகையைப் பிடித்துக்கொண்டே விழுந்துவிடுங்கள். நிற்கும்போது பலகையை உங்களுக்கும் அலைக்கும் நடுவே குறுக்காக வைக்காமல், பக்கத்தில், முனை கடலைப் பார்க்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். குறுக்காக வைத்தால் அடுத்த அலை அதை உங்கள் வயிற்றிலேயே சாத்திவிடும்.

சிவப்புக் கொடி பறந்தால் பேச்சே இல்லை, இறங்கக் கூடாது. கொடியைப் பார்த்தும் இரண்டொருவர் பலகையோடு உள்ளே இருப்பார்கள். அவர்களை உதாரணமாகக் கொள்ள வேண்டாம். பலத்த காற்று, கொந்தளிப்பான கடல் குறித்து மெட்மலேசியா வெளியிடும் எச்சரிக்கையைப் புறப்படுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். வாடகைக்கு எடுக்கும்போது மென்மையான மேற்பரப்புள்ள பயிற்சிப் பலகையையே கேளுங்கள். கயிறும் அதன் ஒட்டுப்பட்டையும் தேய்ந்திருக்கிறதா என்று கையால் இழுத்துப் பாருங்கள்.

எல்லாவற்றையும் மீறி மோதல் நடந்துவிட்டால், யார் தப்பு என்ற வழக்கு பிறகு. முதலில் எதிராளிக்கு அடிபட்டதா என்று கேட்டு, இருவரும் கரைக்கு வாருங்கள். வெட்டுக்காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். தலையில் அடிபட்டவர் நன்றாகப் பேசினாலும் அன்றைக்கு மறுபடியும் கடலில் இறங்கக் கூடாது. வாந்தி, மயக்கம், பேச்சுக் குழறல் இருந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். கழுத்து வலிக்கிறது, கை கால் மரத்துப்போகிறது என்று சொன்னால் தலையையும் கழுத்தையும் அசைக்காமல் படுக்க வைத்து 999க்கு அழையுங்கள். கூட்டம் கூடி, ஆளைத் தூக்கி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுக்கப் பார்க்கும். அதற்கு மட்டும் விடாதீர்கள்.