நேட்டால் கப்பற்பதிவேடுகளில் தமிழ்ப் பெயர்கள்: முன்னோர் ஊர் தேடலில் பெயராய்வின் பங்கு

முன்னுரை

1860ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள் 'ட்ரூரோ' என்னும் கப்பல் சென்னையிலிருந்து நேட்டாலுக்குப் புறப்பட்டது. சென்னைக்கு அப்போது துறைமுகம் இல்லை. பயணிகள் மசூலாப் படகுகளில் அலைகளைக் கடந்து, கடலில் நங்கூரமிட்டு நின்ற கப்பலை அடைய வேண்டியிருந்தது. 342 பேருடன் நவம்பர் 16ஆம் நாள் அக்கப்பல் டர்பனைச் சேர்ந்தது. அது முதல் 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தத் தொழிலாளராக நேட்டாலுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னை வழியாகச் சென்றவர்கள்.

அவர்களின் வழித்தோன்றல்கள் இன்று நான்காம், ஐந்தாம் தலைமுறையினராக உள்ளனர். அவர்களுட் பலருக்குத் தமிழ் வழிபாட்டு மொழியாக மட்டுமே எஞ்சியுள்ளது. 'எங்கள் ஊர் எது?' என்னும் வினா அவர்களிடம் தொடர்ந்து எழுகிறது. குலதெய்வம் எது, உறவினர் எங்குள்ளனர் என்பனவற்றை அறிய ஊர்ப்பெயர் வேண்டும். அயல்நாடுவாழ் இந்தியக் குடிமகன் அட்டைக்கு விண்ணப்பிப்போர்க்கு முன்னோர் பற்றிய பதிவு சான்றாவணமாகவும் தேவைப்படுகிறது. இவ்வினாவுக்கு விடைதரும் முதன்மைச் சான்று கப்பற்பதிவேடு ஆகும். ஆயினும் அதன் பெயர்கள் ஆங்கில எழுத்தில், தமிழறியாதார் கைகள் பலவற்றைக் கடந்து வந்தவை. அவற்றைத் தமிழ் வடிவுக்கு மீட்டுக் கொணர்வது பெயராய்வின் பணி. அப்பணிக்குரிய நெறிகளையும் அவற்றின் எல்லைகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

பதிவேட்டின் அமைப்பு

கப்பலில் சென்ற ஒவ்வொருவருக்கும் ஒரு குடியேற்ற எண் வழங்கப்பட்டது. பெயர், தந்தை பெயர், வயது, பால், சாதி, மாவட்டம், வட்டம், ஊர், உடல் அடையாளம் ஆகியன தனித்தனிக் கட்டங்களில் எழுதப்பட்டன. பணியமர்த்தப்பட்ட தோட்டத்தின் பெயரும் பல இடங்களில் குறிக்கப்பட்டுள்ளது. இப்பதிவுகளின் அடிப்படையில் சுரேந்திர பானா 1991இல் தனி நூல் ஒன்றை வெளியிட்டார். குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையத்தில் இப்பட்டியல்களைத் தேடிப் பார்க்க இயலும்.

இவற்றுள் மிக உறுதியான தரவு குடியேற்ற எண்ணே. பெயர் பல வடிவங்களில் எழுதப்பட்டாலும் எண் மாறுவதில்லை. பிற்காலத் திருமண, இறப்பு ஆவணங்களில் அவ்வெண் காணப்படின் ஐயத்திற்கு இடமின்றிக் கப்பற்பதிவை அடையலாம். எண் கிட்டாதபோதுதான் தேடல் முழுவதும் பெயரைச் சார்ந்து நிற்கிறது.

பெண்களுக்கும் தனி எண் இருந்தமை கருதத்தக்கது. நேட்டாலில் நிலைத்த குடும்பப்பெயர்கள் தந்தைவழிப்பட்டவை. அவற்றில் தாய்வழி முன்னோர் மறைந்துபோயினர். பதிவேட்டிலோ பெண்ணின் பெயரும் ஊரும் தனியே எழுதப்பட்டுள்ளன. எனவே குடும்ப நினைவு இழந்துவிட்ட தாய்வழியை மீட்பதற்கு இப்பதிவேடே வாய்ப்பளிக்கிறது.

ஃபிலடெல்ஃபியாப் பட்டியல்களுடன் ஓர் ஒப்பீடு

கப்பற்பட்டியல் வழி முன்னோரைத் தேடும் முறை பிற நாடுகளிலும் உண்டு. 18ஆம் நூற்றாண்டில் ராட்டர்டாம் வழியாகப் பென்சில்வேனியாவுக்குக் குடியேறிய ஜெர்மானியர்களை அவர்தம் வழித்தோன்றல்கள் இவ்வாறே தேடுகின்றனர். 1727 முதல் ஃபிலடெல்ஃபியாவில் இறங்கிய ஜெர்மானிய ஆடவர் அரசப்பற்று உறுதிமொழியில் கையொப்பமிட வேண்டியிருந்தது. இப்பட்டியல்களை ஸ்ட்ராஸ்பர்கரும் ஹிங்கேயும் 1934இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்டனர். கப்பல் தலைவர் தம் செவிக்கு எட்டியவாறு எழுதிய பெயரை, வந்தவர் தாமே இட்ட கையொப்பத்தோடு ஒப்பிட்டுத் திருத்த அங்கு வழியுண்டு. எழுத்தறியாதார் குறியிட்டபோது மட்டுமே எழுத்தரின் வடிவம் எஞ்சுகிறது. ஆனால் அப்பட்டியல்கள் பிறந்த ஊரைத் தருவதில்லை. அதற்கு ஜெர்மானியத் தேவாலயங்களின் திருமுழுக்குப் பதிவேடுகளை நாட வேண்டும்.

நேட்டால் பதிவேட்டின் நிலை இதற்கு நேர்மாறானது. அதில் ஊர் உண்டு. பெயருக்குரியவர் தம் கையால் எழுதிய வடிவம் இல்லை. ஜெர்மானிய ஆய்வாளர் பெயரை உறுதிசெய்துகொண்டு ஊரைத் தேடுகிறார். தமிழ் ஆய்வாளரோ பெயர், ஊர் இரண்டையும் ஒன்றைக்கொண்டு மற்றொன்றை உறுதிசெய்ய வேண்டியவராகிறார்.

பெயர்களின் எழுத்துமாற்றம்

பதிவேட்டுப் பெயர்களில் காணும் திரிபுகளை மூவகைப்படுத்தலாம்.

முதலாவது, ஒலியை எழுத்தாக்கியதால் நேர்ந்த திரிபு. 19ஆம் நூற்றாண்டின் ஆங்கில எழுத்துமுறையில் உகர, ஊகாரங்கள் இரட்டை 'ஓ' எழுத்தாலும், ஈகாரம் இரட்டை 'ஈ' எழுத்தாலும் எழுதப்பட்டன. குறில் அகரத்திற்கு 'யு' எழுத்து பயன்பட்டது. இதனால் 'ரங்கசாமி' என்பது இன்று 'ருங்கசாமி' என வாசிக்கப்படும் வடிவைப் பெற்றது. 'குப்பன்' என்பது 'கூப்பென்' ஆயிற்று. லகர, ளகர, ழகர வேறுபாடும், ரகர, றகர வேறுபாடும், மூவகை நகர வேறுபாடும் இவ்வெழுத்துமுறையில் மறைந்தன. எனவே ஓர் ஆங்கில வடிவத்திற்கு ஒன்றுக்கு மேற்பட்ட தமிழ் மூலங்களைக் கருதிப் பார்த்தல் வேண்டும்.

இரண்டாவது, பேச்சு வழக்கால் அமைந்த வடிவம். 'ஆர்முகம்', 'முன்சாமி' போன்றவை எழுத்தரின் பிழைகள் எனக் கருதத்தக்கன அல்ல. ஆறுமுகம், முனுசாமி (அல்லது முனிசாமி) என்பனவற்றின் உயிரொலி கெட்ட பேச்சு வடிவங்களே செவிவழிப் பதிவாகியுள்ளன. இவ்வகையில் கப்பற்பதிவேடு, எழுத்தறிவு பெறாத மக்களின் 19ஆம் நூற்றாண்டுப் பேச்சுத் தமிழுக்கும் ஒரு சான்றாகிறது.

மூன்றாவது, படியெடுத்தலால் நேர்ந்த பிழை. கையெழுத்தில் ஆங்கிலத்தின் 'யு' எழுத்தும் 'என்' எழுத்தும், 'இ' எழுத்தும் 'சி' எழுத்தும் எளிதில் மயங்குவன. தமிழ் ஒலியமைப்புக்குப் பொருந்தாத ஒரு பெயர் வடிவம் தோன்றின், ஒலித்திரிபு எனக் கொள்ளும் முன் இவ்வெழுத்து மயக்கத்தைச் சோதித்தல் முறை.

பெயரும் குடும்பப்பெயரும்

தமிழர் மரபில் தந்தை பெயர் தலைமுறைதோறும் மாறும். நேட்டாலின் ஆங்கில ஆவண முறை மாறாத குடும்பப்பெயரை வேண்டியது. அதனால் பெயரை அடுத்து எழுதப்பட்ட தந்தை பெயர் பல குடும்பங்களில் நிலைபெற்றுவிட்டது. பெருமாள், கோவிந்தசாமி, வீராசாமி போன்ற குடும்பப்பெயர்கள் இவ்வாறு உருவானவை. வேறு சில குடும்பங்கள் பட்டப்பெயரைக் குடும்பப்பெயராக்கின. கவுண்டர் என்பது 'கவெண்டர்' எனவும், முதலி என்பது 'மூட்லி' எனவும் வழங்குகின்றன. பிள்ளை, செட்டி, படையாச்சி, நாயக்கர், நாயுடு, ரெட்டி ஆகியனவும் அவ்வாறே நிலைத்தன.

முன்னோர் தேடலில் இவ்விரு வகைக்கும் ஒத்த மதிப்பில்லை. இயற்பெயரிலிருந்து வந்த குடும்பப்பெயர், குறிப்பிட்ட ஒரு மூதாதையின் பெயராக இருக்கும் வாய்ப்புடையது. பதிவேட்டில் நேரடியாகத் தேடத்தக்கது. பட்டப்பெயர் பல்லாயிரவர்க்குப் பொதுவானது. மேலும், புதிய மண்ணில் பட்டத்தை ஏற்பதும் விடுப்பதும் இயன்றமையால், இன்றைய பட்டப்பெயரும் பதிவேட்டின் சாதிக் கட்டமும் ஒத்திருக்க வேண்டும் என்னும் கட்டாயமில்லை. அவை முரண்படும் இடத்தில் பதிவைத் தவறென ஒதுக்குவதும், குடும்பத்தைப் பொய்யுரைத்ததாகக் கருதுவதும் முறையாகா.

'மலபார்' என்னும் பதிவு

தொடக்ககாலப் பட்டியல்களில் சாதிக் கட்டத்தில் 'மலபார்' என்னும் சொல் காணப்படுகிறது. இதனைக் கண்டு தம் முன்னோர் கேரளத்தவர் என முடிவுசெய்வோர் உளர். ஐரோப்பியர் வழக்கில் 'மலபார்' என்பது நெடுங்காலம் தமிழையும் தமிழரையும் குறித்தது. 1742 முதல் சென்னையில் பணியாற்றிய ஜெர்மானியரான ஃபெப்ரீசியஸ், வேப்பேரியில் 1779இல் அச்சிட்ட தமிழ் அகராதியின் தலைப்பிலேயே தமிழ் 'மலபார்' எனக் குறிக்கப்பட்டுள்ளது. அவ்வழக்கின் எச்சமே இப்பதிவு. தெலுங்கரைக் குறித்த 'ஜென்டூ' என்பதும் இத்தகையதே. எனவே 'மலபார்' எனும் பதிவை மாவட்டக் கட்டத்தோடு சேர்த்தே பொருள்கொள்ள வேண்டும். சாதிக் கட்டத்தில் அது மொழியினத்தைச் சுட்டலாம். மாவட்டக் கட்டத்தில் வருமாயின் அன்றைய மலபார் மாவட்டத்தையே சுட்டும்.

ஊர்ப்பெயரும் மாறிய எல்லைகளும்

ஊர்ப்பெயர்களில் 'திரு' என்னும் அடைமொழி 'ட்ரி' எனக் குறுகியது. திருவல்லிக்கேணி 'ட்ரிப்ளிக்கேன்' ஆனது பலரும் அறிந்தது. திருவள்ளூரும் திருவாரூரும் ஆங்கில வடிவில் மயங்கத்தக்கன. திருவாரூரை லகரத்துடன் எழுதும் வழக்கு அன்று இருந்தது. மாவட்டம் செங்கல்பட்டு எனின் முன்னதும், தஞ்சாவூர் எனின் பின்னதும் ஆகும். நல்லூர், புத்தூர், புதுப்பாக்கம் முதலிய பெயர்கள் பல மாவட்டங்களில் உள்ளமையால் வட்டக் கட்டமின்றி அவற்றை உறுதிசெய்ய இயலாது.

பதிவேட்டின் மாவட்டங்கள் இன்றைய மாவட்டங்கள் அல்ல. திருத்தணி 1911 வரை வட ஆர்க்காட்டிலும், பின்னர்ச் சித்தூர் மாவட்டத்திலும், 1960 முதல் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இருந்து, இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது. 'வட ஆர்க்காடு' எனப் பதிவான ஊர் இன்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களிலோ ஆந்திரத்தின் சித்தூர்ப் பகுதியிலோ இருக்கலாம்.

சென்னையின் தென்பகுதி இதற்கு மேலும் தெளிவான சான்று. மயிலாப்பூர் 19ஆம் நூற்றாண்டிலேயே நகர எல்லைக்குள் இருந்தது. மாம்பலம் போன்ற ஊர்களோ செங்கல்பட்டு மாவட்டத்தின் சைதாப்பேட்டை வட்டத்தைச் சேர்ந்தவை. அடையாற்றின் தென்கரையும் நகருக்குப் புறத்தேயே இருந்தது. ஒரு பதிவில் 'செங்கல்பட்டு, சைதாப்பேட்டை, மாம்பலம்' என இருப்பதாகக் கொள்வோம். வழித்தோன்றல் ஒருவர் இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் அவ்வூரைத் தேடினால் ஏமாற்றமே எஞ்சும். அவர் தேடும் நிலம் இன்றைய தியாகராய நகரும் அதன் சுற்றுப்புறமும் ஆகும். 1920களில் நெடிய ஏரியைத் தூர்த்து அமைக்கப்பட்டு, பிட்டி தியாகராயரின் பெயரைப் பெற்ற அந்நகரின் பெயர் எந்தக் கப்பற்பதிவேட்டிலும் இருக்க வழியில்லை. கடைசிக் கப்பல் 1911இலேயே சென்றுவிட்டது.

இத்தகைய இடங்களில் க்ரோலின் செங்கல்பட்டு மாவட்டக் கையேடு (1879), காக்ஸின் வட ஆர்க்காடு மாவட்டக் கையேடு (1881) ஆகியன அக்கால எல்லைகளை அறியத் துணைநிற்கும். எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் வருவாய்த்துறை ஆவணங்களும் உதவும்.

ஊரில் கிடைப்பதும் கிடைக்காததும்

ஊர் உறுதியான பின்னும் குடும்பம் உறுதியாகிவிடுவதில்லை. ஜெர்மானிய ஊர்களின் தேவாலயப் பதிவேடு போன்றதொரு பொதுப்பதிவு தமிழக ஊர்களில் இல்லை. கிறித்தவக் குடும்பங்களுக்கு மட்டும் பங்குப் பதிவேடுகள் துணையாகலாம். நிலவரி ஆவணங்கள் நிலமுடையோரையே குறிப்பன. கடல் கடந்தோருட் பலர் நிலமற்றவர். அவர்தம் பெயர் ஊர் ஆவணத்தில் இல்லாமை, அவர் அவ்வூரினர் அல்லர் என்பதற்குச் சான்றாகாது. அவருக்கு நிலம் மறுக்கப்பட்டிருந்தது என்பதற்கே அது சான்று.

எனவே ஊர்நிலையில் ஏற்கத்தக்க முடிவுக்கு ஒன்றுக்கொன்று சார்பற்ற இரு சான்றுகளேனும் வேண்டும். தந்தை பெயர், குலதெய்வம் பற்றிய குடும்ப நினைவு, உடன்பயணித்த உறவினரின் பதிவு என்பன அத்தகையவை. பெயரொற்றுமை ஒன்றையே கொண்டு, ஊரிலுள்ள ஒரு குடும்பத்தை உறவென இணைப்பது இரு தரப்பினர்க்கும் தீங்கு பயக்கும். 'ஊர் இதுவே, குடும்பம் உறுதியாகவில்லை' என்பதும் முறையான ஆய்வு முடிவே.

முடிவுரை

நேட்டால் கப்பற்பதிவேடு தமிழ் முன்னோரைத் தேடுவார்க்கு ஊர்ப்பெயரைத் தருகிறது. ஆயினும் அதனைத் தமிழாகப் படிக்கும் பயிற்சியை வேண்டுகிறது. குடியேற்ற எண்ணை முதற்சான்றாகக் கொள்ளல், எழுத்து, பேச்சு, படியெடுப்புத் திரிபுகளைப் பிரித்தறிதல், இயற்பெயரையும் பட்டப்பெயரையும் வேறுபடுத்தல், அக்கால மாவட்ட எல்லையில் ஊரை வைத்துப் பார்த்தல் என்பன அப்படிப்பிற்குரிய நெறிகள். ஆங்கில வடிவங்களையும் அவற்றின் தமிழ் மூலங்களையும் இணைத்துக் காட்டும் பெயரகராதி ஒன்றும், பழைய வட்ட எல்லைகளின்படி அமைந்த ஊர்ப்பெயர் அடைவு ஒன்றும் உருவாக்கப்படின் இத்தேடல் எளிதாகும். மொழியியல், பெயராய்வு, வட்டார வரலாறு ஆகியவற்றில் பயிற்சியுடைய தமிழ்த்துறைகள் மேற்கொள்ளத்தக்க பணி இது. எழுத்தறியாத ஒருவர் கரையில் நின்று சொன்ன பெயரையும் ஊரையும் அவர் சொன்னவாறே மீட்டுத் தருவதற்கு அப்பணி வழிசெய்யும்.