கூட வேலை செய்பவரின் பைக்கில் தினமும் போறீங்களா? பெட்ரோல் காசை முதல் நாளே பேசிடுங்க!

சென்னை,

தாம்பரத்தில் இருந்து ஒரகடம் பக்கம் கம்பெனி வேலைக்கு போகும் பலர், பக்கத்து தெருவில் இருக்கும் சக தொழிலாளியின் பைக்கில் தொற்றிக்கொள்கிறார்கள். முதல் வாரம் "அட, காசெல்லாம் எதுக்குப்பா" என்பார் வண்டிக்காரர். மூன்றாவது மாதம் "ஒரு டீ கூட வாங்கித் தரமாட்டேங்கிறான்" என்று கேன்டீனில் பேச்சு கிளம்பும். அப்புறம் இரண்டு பேரும் முகம் கொடுத்து பேசுவது கிடையாது.

கேட்க ஒருத்தருக்கு கூச்சம். கொடுக்க இன்னொருத்தருக்கு ஞாபகம் இல்லை. அவ்வளவுதான் தகராறு.

மாசம் எவ்வளவு?

தாம்பரம்-ஒரகடம் போக வர சுமார் 50 கிலோ மீட்டர். லிட்டருக்கு 50 கிலோ மீட்டர் ஓடும் பைக் என்றால் ஒரு நாளைக்கு 1 லிட்டர். பெட்ரோல் 100 ரூபாய் என்று வைத்தால் ஆளுக்கு 50 ரூபாய். 25 நாள் வேலைக்கு 1,250 ரூபாய். இதை சம்பள நாளன்று, அவர் கேட்பதற்கு முன்பே கையில் கொடுத்துவிட வேண்டும்.

லீவு போட்ட நாளை கழித்துக்கொள்ளலாம். ஆனால் முந்தின நாள் ராத்திரியே சொல்லியிருக்கணும். தெருமுனையில் அவரை காக்க வைத்துவிட்டு காசையும் கழித்தால் யாருக்குத்தான் கோபம் வராது?

ஆயில், சர்வீஸ் எல்லாம் வண்டிக்காரர் பாடு. வழியில் பஞ்சர் ஆனால் பாதி கொடுப்பது நல்லது. பின்சீட்டில் இருப்பவர் ஹெல்மெட் போடாமல் போலீசில் சிக்கினால் 1,000 ரூபாய் அபராதம். சலான் வண்டி நம்பருக்குத்தான் வரும். கட்ட வேண்டியவர் தலையில் போடாதவர்!

மேனேஜர் கார்

சூப்பர்வைசர், மேனேஜர் காரில் என்றைக்கோ ஒரு நாள் ஏறினால் காசை நீட்ட வேண்டாம். தினமும் என்றால், "சார், பெட்ரோலுக்கு என் பங்கு எவ்வளவு சார்?" என்று ஆரம்பத்திலேயே ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். "வேண்டாம்பா" என்றால் விட்டுவிடலாம், திணிக்கக் கூடாது.

முன்பெல்லாம் டோல்கேட்டில் பணம் கொடுக்கும்போதாவது எல்லோர் கையும் பாக்கெட்டுக்கு போகும். 2021 பிப்ரவரியில் பாஸ்டேக் கட்டாயம் ஆன பிறகு, கார்க்காரர் கணக்கில் சத்தமில்லாமல் பணம் போகிறது. கூட வருபவருக்கு அது தெரிவதே இல்லை.

பெரிய சாருக்கும் ஒரு வார்த்தை. கம்பெனியில் பெட்ரோல் அலவன்ஸ் வாங்கிக்கொண்டு, கீழே வேலை செய்யும் பையன்களிடமும் பங்கு கேட்பது அசிங்கம். வேலை விஷயமாக "கூட வாப்பா" என்று கூட்டிப்போனால் ஆட்டோ காசு, டீ காசு இரண்டும் கூப்பிட்டவர் செலவு.

தீபாவளி, பொங்கலுக்கு நாலு பேர் சேர்ந்து ஒருத்தர் காரில் ஊருக்கு போகும்போதும் இதே பிரச்சினைதான். திருச்சியில் இறங்குபவரும் நெல்லை வரை போகிறவரும் ஒரே பணம் கொடுப்பது நியாயம் இல்லை. திருச்சி கிட்டத்தட்ட பாதி தூரம்தான். சென்னையில் கிளம்பும் முன்பே பேசிவிட்டால் விழுப்புரத்தில் முறைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இன்சூரன்ஸ் சிக்கல்

செலவை பங்கு போடுவது வேறு, தலைக்கு இவ்வளவு என்று லாபம் வைத்து வசூலிப்பது வேறு. வெள்ளை நம்பர் போர்டு கார் சொந்த உபயோகத்துக்குத்தான். வாடகைக்கு ஆள் ஏற்ற 1988-ம் ஆண்டு மோட்டார் வாகன சட்டப்படி பெர்மிட் வேண்டும். பெர்மிட் இல்லாமல் வாடகைக்கு ஓட்டி விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்க வழி இருக்கிறது.

பைக்கில் இன்னொரு விஷயம். வண்டிக்கு 'தேர்டு பார்ட்டி' இன்சூரன்ஸ் மட்டும் இருந்தால், பின்சீட்டில் ஓசியில் வந்தவருக்கு நஷ்டஈடு கிடைப்பது கஷ்டம். 'பேக்கேஜ்' பாலிசி என்றால் பின்சீட்டுக்காரருக்கும் சேர்த்துத்தான் என்று 2009-ம் ஆண்டே இன்சூரன்ஸ் ஆணையம் தெளிவுபடுத்திவிட்டது. பேக்கேஜுக்கு பிரிமியம் கூடுதல். தினமும் பின்னால் உட்காருபவர் அந்த கூடுதல் பணத்தில் பாதியை ஏற்றுக்கொண்டால் வண்டிக்காரரும் மறுக்க மாட்டார்.