கிளை வெட்டும் முன் தலைக்கு மேலே பாருங்கள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் தாமான் வீடுகளில் அடிக்கடி காணும் காட்சி இது. வேலியோரத்து மாமரம் வளர்ந்து கூரையை உரசுகிறது. தெரிந்தவர் ஒருவர் ஏணியும் பாராங் கத்தியுமாக வருகிறார். கூலி பேசியாகிவிட்டது, பாதி மரம் வெட்டியும் ஆகிவிட்டது. அப்போது வீட்டுக்காரர் கீழே நின்றபடி, “அண்ணே, கம்பிப் பக்கம் போற அந்தக் கிளையையும் வெட்டிடுங்க” என்கிறார். “சின்னக் கிளைதானே” என்று அண்ணனும் கையை நீட்டுகிறார்.

உயிரைப் பறிப்பது பெரும்பாலும் அந்தச் சின்னக் கிளைதான்.

மரத்தில் மின்சாரம் பாயாது என்று நம்மில் பலர் நம்புகிறோம். காய்ந்த கட்டைக்கு அது ஓரளவு பொருந்தலாம். ஆனால் பச்சைக் கிளைக்குள் நீரும் உப்புகளும் ஓடுகின்றன. மழை பெய்து நனைந்திருந்தால் கேட்கவே வேண்டாம். கிளை கம்பியில் பட்டால் மின்சாரம் கிளை வழியாக வெட்டுபவரின் உடலில் இறங்கி, ஏணி வழியாக மண்ணுக்குப் போகும்.

கறுப்பு உறை போட்ட கம்பி பாதுகாப்பானது என்பதும் தவறான எண்ணம். வெயிலிலும் மழையிலும் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் உறை வெடித்திருக்கலாம்; கத்தி பட்டாலும் கிழிந்துவிடும். வீட்டு மின்பெட்டியில் உள்ள பாதுகாப்பு சுவிட்ச் வீட்டுக்குள் ஏற்படும் மின்கசிவுக்குத்தான். தெருக் கம்பியில் அடிபட்டால் அது உங்களைக் காப்பாற்றாது.

தோட்டத்தில் ஆபத்து இன்னும் பெரிது

வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். அதுவே ஆளைக் கொல்லப் போதும். தோட்டங்களின் ஊடே செல்லும் கம்பிகளில் 11,000 அல்லது 33,000 வோல்ட் ஓடலாம். பெரிய கோபுரங்களில் அது 132,000 வோல்ட்டுக்கும் மேல். இவ்வளவு உயர்ந்த அழுத்தத்தில் கம்பியைத் தொடக்கூட வேண்டாம். மிக நெருங்கினாலே மின்சாரம் இடைவெளியைத் தாண்டிப் பாயும்.

செம்பனைக் குலை வெட்டுபவர்கள் இதை மறக்கக் கூடாது. உயர்ந்த மரங்களுக்கு நாம் பயன்படுத்தும் அரிவாள் பொருத்திய நீண்ட கம்பு அலுமினியத்தால் ஆனது. மின்சாரத்துக்கு அதைவிட நல்ல பாதை வேண்டாம். அந்தக் கம்பு மின்கம்பியில் பட்டு உயிர்போன சம்பவங்கள் நம் நாட்டில் நடந்திருக்கின்றன. குலையைப் பார்த்துக்கொண்டே நடப்பவருக்குக் கம்பி கண்ணில் படாது. கம்பிக்கு அடியில் கடக்கும்போது கம்பைத் தூக்கிப் பிடிக்காமல் தாழ்த்திப் படுக்கைவாட்டில் கொண்டு செல்லுங்கள்.

என்ன செய்யலாம்?

வேலை தொடங்கும் முன் மரத்தை ஒருமுறை சுற்றி வந்து மேலே பாருங்கள். நீங்களோ, ஏணியோ, கையிலுள்ள கருவியோ, வெட்டி விழும் கிளையோ கம்பிக்கு 3 மீட்டருக்குள் வரும் என்றால் கை வைக்காதீர்கள். கோபுரக் கம்பி என்றால் இன்னும் அதிகம் விலகியிருங்கள். தீபகற்ப மலேசியாவில் தெனாகா நேஷனலின் 15454 எண்ணுக்கு அழைத்துச் சொல்லுங்கள். கம்பியோரக் கிளையைப் பயிற்சி பெற்றவர்கள்தான் வெட்ட வேண்டும்.

மின்சாரம் இல்லாத இடத்திலும் கவனம் தேவை. ஏணியில் நின்றபடி சங்கிலி ரம்பத்தை இயக்காதீர்கள். ரம்பத்தின் நுனி கட்டையில் பட்டால் அது முகத்தை நோக்கித் துள்ளும். தோளுக்கு மேலே தூக்கியும் அறுக்காதீர்கள். கிளைகளுக்கிடையே குளவிக் கூடு இருக்கிறதா என்று பாருங்கள். இடி முழக்கம் கேட்டதும் மரத்தைவிட்டு இறங்கிவிடுங்கள்.

ஒருவருக்கு அடிபட்டுவிட்டால்

மகனோ தம்பியோ துடிப்பதைக் கண்டால் ஓடிப்போய்ப் பிடிக்கத்தான் மனம் சொல்லும். பிடித்தால் இரண்டு உயிர் போகும். மின்சாரம் துண்டிக்கப்பட்டதை உறுதி செய்யாமல் அவரைத் தொடாதீர்கள். உடனே 999க்கு அழைத்து, மின்கம்பி விபத்து என்று தெளிவாகச் சொல்லுங்கள். மின்சாரம் நின்ற பிறகு அவருக்கு மூச்சு இல்லையென்றால், மார்பை அழுத்தி முதலுதவி கொடுங்கள்.

அறுந்து விழுந்த கம்பியிலிருந்து குறைந்தது 10 மீட்டர் விலகியிருங்கள். கம்பியைச் சுற்றியுள்ள மண்ணிலும் மின்சாரம் பரவும். அருகில் மாட்டிக்கொண்டால் ஓடாதீர்கள். இரு பாதங்களையும் ஒட்டி வைத்து, தரையிலிருந்து தூக்காமல் சிறிது சிறிதாக நகர்ந்து வெளியேறுங்கள்.

அடிபட்டவர் எழுந்து உட்கார்ந்து “ஒன்னும் இல்ல” என்று சொன்னாலும் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். வெளியே சிறிய தீக்காயமாகத் தெரிந்தாலும் உள்ளே தசை கருகியிருக்கலாம். இதயத் துடிப்பும் பாதிக்கப்பட்டிருக்கலாம்.

மறுக்கும் உரிமை உண்டு

1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2024 ஜூன் 1 முதல் ஏறக்குறைய எல்லா வேலையிடங்களுக்கும் விரிவாக்கப்பட்டுள்ளது. உடனடி ஆபத்து இருக்கிறது என்று நியாயமான காரணத்தோடு நம்பி, அதை முதலாளியிடம் சொல்லியும் அவர் எதுவும் செய்யவில்லை என்றால், தொழிலாளி அங்கிருந்து விலகலாம். மண்டோர் அவசரப்படுத்தினாலும் இதை நினைவில் வையுங்கள்.

உங்கள் பெயரில் சொக்சோ சந்தா கட்டப்படுகிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தனியாக மரம் வெட்டிப் பிழைப்பவர்கள், சுயதொழில் செய்வோருக்கான சமூகப் பாதுகாப்புத் திட்டத்தில் சேர்வது பற்றி சொக்சோ அலுவலகத்தில் விசாரியுங்கள். அடிபட்ட பிறகு சேர நினைத்தால் அந்த விபத்துக்குப் பயன்படாது.

வேலைக்கு ஆள் அழைக்கும் வீட்டுக்காரர்களுக்கும் பொறுப்பு உண்டு. “அந்தக் கிளையையும் வெட்டிடுங்க” என்று சொல்வதற்கு முன் நீங்களும் ஒருமுறை மேலே பாருங்கள். கம்பி தெரிந்தால், “அது வேண்டாம் அண்ணே, இறங்கி வாங்க” என்று சொல்லுங்கள். அவர் வீட்டிலும் சாப்பாட்டு நேரத்துக்கு அவருக்காகக் காத்திருப்பார்கள்.