555 டைமர் சுற்றில் பழுதறியும் முறை

பொத்தானை அழுத்தியதும் விளக்கை எரியவிட்டு, குறித்த நேரம் கழிந்தவுடன் தானே அணைக்கும் எளிய டைமர் சுற்றுகள் பெரும்பாலும் 555 என்னும் எட்டுக்கால் ஐசியை, அதாவது பல மின்னணு உறுப்புகளை ஒரே சில்லில் அடக்கிய பொருளை, நடுவாக வைத்தே அமைக்கப்படுகின்றன. சுவிட்சர்லாந்தில் பிறந்த ஹான்ஸ் காமென்சிண்டு 1971-இல் அமெரிக்காவின் சிக்னெடிக்ஸ் நிறுவனத்துக்காக வடிவமைத்த இந்த ஐசி எளிதில் கெடுவதில்லை. ஆகவே சுற்று இயங்காதபோது உறுப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதைவிட, அதன் கால்களிலுள்ள மின்னழுத்தத்தை மல்டிமீட்டரால் அளந்து காரணத்தை அறிவதே முறையாகும்.

ஐசியின் உள்ளே தொடராக அமைந்த மூன்று சம மின்தடைகள் மின்கலத்தின் அழுத்தத்தை மூன்று பங்காக்குவதால், 9 வோல்ட் சுற்றில் 3 வோல்ட், 6 வோல்ட் என இரண்டு எல்லைகள் உருவாகின்றன. தூண்டலுக்குரிய 2-ஆம் கால் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதும் 3-ஆம் காலில் வெளியீடு எழுகிறது. மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் மின்தேக்கி வெளி மின்தடையின் வழியே மெல்ல ஏறி 6 வோல்ட்டை அடைந்ததை 6-ஆம் கால் உணர்ந்ததும் வெளியீடு அணைய, 7-ஆம் கால் மின்தேக்கியைக் காலியாக்குகிறது. மின்தடை, மின்தேக்கி ஆகியவற்றின் மதிப்புகளைப் பெருக்கி, மேலும் 1.1-ஆல் பெருக்கினால் நேரம் கிடைக்கும். 10 லட்சம் ஓமுக்கும் 100 மைக்ரோஃபாரடுக்கும் அது 110 விநாடி.

சுற்று சிறிதும் இயங்காவிடில், 8-ஆம் காலில் 9 வோல்ட் வருகிறதா, மீட்டமைக்கும் 4-ஆம் கால் அதனுடன் இணைந்துள்ளதா என்று பார்த்தபின், 5-ஆம் காலை அளக்க வேண்டும். அங்கே 6 வோல்ட் இருந்தால் ஐசியின் உட்பிரிப்பு சரியாக உள்ளது. பொத்தானைத் தொடாமலே டைமர் ஓடத் தொடங்கினால், 2-ஆம் காலை நேர்முனையுடன் பிணைக்க வேண்டிய 10 ஆயிரம் ஓம் மின்தடை விடுபட்டிருக்கலாம்.

வெளியீடு அணையாமலே நிற்பதுதான் நுட்பமான பழுது. 2-ஆம் கால் தாழ்ந்தே இருந்தால் நேரம் முடிந்தும் வெளியீடு அணையாது என்பதால் பொத்தான் ஒட்டிக்கொண்டுள்ளதா என்பதை முதலில் காண வேண்டும். அது சரியாயின், ஐயம் மின்தேக்கியின் கசிவின்மேல் விழுகிறது. மின்தேக்கி 6 வோல்ட்டை நெருங்கும்போது 10 லட்சம் ஓம் மின்தடையில் எஞ்சும் 3 வோல்ட் வெறும் 3 மைக்ரோஆம்பியரையே செலுத்துகிறது. எலக்ட்ரோலைட்டிக் வகை மின்தேக்கியில், குறிப்பாக நெடுநாள் பயன்படாமல் கிடந்ததில், அதற்கும் மேற்பட்ட மின்னோட்டம் உள்ளேயே கசியக்கூடுமாதலால் அழுத்தம் எல்லையை எட்டாமல் நின்றுவிடுகிறது. கசிவு குறைந்த டான்டலம் மின்தேக்கியோ, குறைந்த மதிப்புள்ள மின்தடையோ இதற்குத் தீர்வாகும்.

இங்கே அளவுகருவியும் பழுதை உண்டாக்கும். மல்டிமீட்டரின் உள்தடை பொதுவாக 1 கோடி ஓம் என்பதால், 6-ஆம் காலில் அதை வைத்தால் 110 விநாடி ஏறக்குறைய 120 விநாடியாக நீளும். வெளி மின்தடையும் 1 கோடி ஓமாக இருப்பின் மின்தேக்கி 4.5 வோல்ட்டுக்கு மேல் ஏறாது.

வெளியீடு விளக்கை நேரே அல்லாமல் ரிலே என்னும் மின்காந்தச் சுவிட்சின் வழியே இயக்கும் சுற்றில், ரிலே அணையும் கணத்தில் டைமர் மீண்டும் ஓடினால், ரிலேயின் சுருளிலிருந்து எழும் அழுத்தத் துடிப்பே பெரும்பாலும் காரணமாதலால், சுருளின் குறுக்கே ஒரு டயோடைத் தலைகீழாக இணைக்க வேண்டும். இவையெல்லாம் சீரானபின்னும் நேரம் பிசகுவது பழுதன்று. எலக்ட்ரோலைட்டிக் மின்தேக்கியின் உண்மை மதிப்பு அச்சிட்டதிலிருந்து 20 சதவீதம் வரை விலகலாம் என்பதால், மாறு மின்தடையொன்றைச் சேர்த்து, கடிகாரத்துடன் ஒப்பிட்டுத் திருத்திக்கொள்வதே போதுமானது.