இரும்புக்கை மாயாவி இருக்கிறார்... டவுசர் பையன்கள் எங்கே?

சிவகாசி என்றதும் பட்டாசு, தீப்பெட்டி, காலண்டர் என்று எல்லோரும் சொல்வார்கள். 45 வயது தாண்டியவர்களைக் கேட்டால் நாலாவதாக ஒன்றும் சொல்வார்கள். காமிக்ஸ்!

1972-ம் ஆண்டு. சிவகாசியில் எம்.சௌந்தரபாண்டியன் "முத்து காமிக்ஸ்" தொடங்கினார். முதல் புத்தகமே "இரும்புக்கை மாயாவி". விலை ஒரு ரூபாய்க்கும் குறைவு. பஸ் நிலையம், ரயில் நிலையம், தெருமுனைப் பெட்டிக்கடை என்று எங்கும் தொங்கியது. "அண்ணே, மாயாவி வந்துடுச்சா?" என்று கடைக்காரரை நச்சரிக்காத பையனே அந்த நாளில் கிடையாது.

மாயாவி உள்ளூர் ஆள் அல்ல. 1962-ல் லண்டனில் "வேலியண்ட்" என்ற பத்திரிகையில் பிறந்தவர். ஆய்வுக்கூட விபத்தில் ஒரு கை போய், இரும்புக்கை பொருத்திக் கொண்டவர். உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் போதும், ஆள் மறைந்து விடுவார். இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் மிதந்து வந்து வில்லனின் குரல்வளையைப் பிடிக்கும்! இதைப் படித்துவிட்டு நம் பையன்கள் பிளக்கில் விரலை விடாமல் இருந்தது, பெற்றவர்கள் செய்த புண்ணியம்.

1984-ல் நிறுவனரின் மகன் எஸ்.விஜயன், மீசை அரும்பும் வயதில் "லயன் காமிக்ஸ்" தொடங்கினார். அதே ஆண்டு "ராணி காமிக்ஸ்" வந்தது. மாதம் பிறந்தால் பையன்களுக்குக் கொண்டாட்டம்தான்.

கை கொடுத்த சென்டிரல்

காசு இல்லாத பையன்களுக்கும் வழி இருந்தது. சென்டிரல் அருகே மூர் மார்க்கெட்டில் பழைய காமிக்ஸ் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். பேரம் பேசி அள்ளி வரலாம். 1985-ல் மூர் மார்க்கெட் தீயில் போனது. கடைகள் பக்கத்தில் அல்லிக்குளம் வளாகத்துக்கு நகர்ந்தன. அன்று எடைக்குப் போட்ட புத்தகம், இன்று சேகரிப்பாளர்களிடம் ஆயிரக்கணக்கில் விலை போகிறது. பரணைச் சுத்தம் செய்த அம்மாவை இதற்காகவே இன்னமும் திட்டிக்கொண்டிருக்கும் மகன்கள் உண்டு!

பெட்டி வந்தது... வினை வந்தது

1987-ல் டெலிவிஷனில் ராமாயணம். ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருவில் ஈ, காக்கை இல்லை. பிறகு கேபிள் வந்தது. 1995-ல் கார்ட்டூனுக்கென்றே தனிச் சேனல். 2007-ல் தமிழிலேயே சுட்டி டி.வி. காசு கொடுத்துப் படம் பார்த்துப் படித்தவன், சும்மா உட்கார்ந்து ஓடும் படமே பார்க்கலாம் என்றால் எதற்குப் பெட்டிக்கடைக்குப் போவான்?

பழியை எல்லாம் டி.வி. தலையில் போடுவதும் சரியில்லை. லண்டனிலேயே மாயாவியின் கதைத் தொடர் 1970-களில் நின்றுவிட்டது. சரக்கு தீர்ந்தால் பழையதையே மறுபடி போட வேண்டும். எத்தனை தடவைதான் படிப்பான் பையன்?

ராணி காமிக்ஸ் 2005-ல் நின்றது. நாகிரெட்டியும் சக்கரபாணியும் 1947-ல் ஆரம்பித்து, வடபழனியிலிருந்து பல மொழிகளில் வெளிவந்த அம்புலிமாமா, 2007-ல் மும்பை சாப்ட்வேர் கம்பெனி ஒன்றின் கைக்குப் போனது. 2013-ல் அதுவும் நின்றது. தோளில் வேதாளம், கையில் வாள் என்று விக்கிரமாதித்தனை வரைந்த ஓவியர் சங்கர், பத்திரிகையின் முடிவையும் பார்த்துவிட்டு 2020-ல் தமது 96-வது வயதில் காலமானார்.

சிவகாசி மட்டும் எப்படித் தப்பித்தது?

பையனை விட்டுவிட்டு, பையனாக இருந்தவனைப் பிடித்தார்கள்!

2012 ஜனவரியில் சென்னைப் புத்தகக் கண்காட்சிக்கு லயன் "கம்பேக் ஸ்பெஷல்" வந்தது. விலை 100 ரூபாய். ஒற்றை இலக்க ரூபாயில் காமிக்ஸ் வாங்கிப் பழகிய தமிழ்நாட்டில் 100 ரூபாயா என்று பலர் வாயைப் பிளந்தார்கள். ஆனால் வாங்கியவர் டவுசர் பையன் அல்ல. மாதச் சம்பளக்காரர், கடை முதலாளி, பாங்க் ஊழியர்!

அதன்பின் வழவழப்பான ஆர்ட் பேப்பர், முழு வண்ணம். பிரான்ஸ், பெல்ஜியம், இத்தாலிக் கதைகள். இத்தாலியின் 1948-ம் வருடத்துக் கௌபாய் டெக்ஸ் வில்லர் இங்கே சக்கைப்போடு போடுகிறார். வியாபார முறையும் மாறியது. முன்பெல்லாம் ஏஜெண்டுக்குக் கடனில் கட்டு அனுப்ப வேண்டும். விற்காதது திரும்பி வரும். பாக்கி வந்தால் வந்தது. இப்போது சந்தா முன்கூட்டியே வருகிறது. தேவையான அளவே அச்சாகிறது. கூரியரில் வீடு தேடிப் போகிறது.

கணக்குப்படி இது சரியான முடிவு. வேறு வழியில் போயிருந்தால் முத்துவும் லயனும் இன்று பழைய பேப்பர் கடையில்தான் இருந்திருக்கும். 2022-ல் முத்து காமிக்ஸ் 50-வது ஆண்டைத் தொட்டிருக்காது.

ஆனால் குறைவாக அச்சிட்டால் விலை ஏறும். விலை ஏறினால் பையன் தள்ளிப் போவான். கான்வென்ட் வாசலை மிதிக்காத எத்தனையோ பேர் வேகமாகத் தமிழ் படிக்கப் பழகியது இந்தப் புத்தகங்களில்தான். பாடப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படித்தவர்கள்தான் பிறகு நூலகம் தேடிப் போனார்கள். அந்தப் பையனின் தம்பிகளுக்கு இன்று பெட்டிக்கடையில் ஒன்றும் தொங்கவில்லை, ஷாம்பு பாக்கெட்டைத் தவிர.

நந்தனம் புத்தகக் கண்காட்சியில் காமிக்ஸ் ஸ்டாலில் நிற்பவர்களின் தலைகளைப் பார்த்தாலே விஷயம் விளங்கும். முக்கால்வாசி நரை! தாத்தாவாகும் வயதுக்காரர் மாயாவியைப் புரட்ட, கூட வந்த பிள்ளை செல்போனைப் புரட்டுகிறது.

இப்போது 50 வயதில் இருக்கும் சந்தாதாரருக்கு இன்னும் 20 ஆண்டில் 70. அப்போது சந்தா கட்டப் போவது யார் என்பதுதான் சிவகாசியின் தலைவலி. லக்கி லூக் மாதிரி சிரிப்புக் கௌபாய் கதைகள் தமிழில் இருக்கத்தான் செய்கின்றன. எட்டு வயதுப் பொடியன் கையில் கொடுத்தாலும் விழுந்து விழுந்து சிரிப்பான். அப்பாவின் பீரோவைத் திறந்து யாராவது எடுத்துக் கொடுக்க வேண்டும். பல வீடுகளில் அதற்குப் பூட்டுப் போட்டிருப்பதே அப்பாதான், "கிழிச்சுடாதடா, இனிமே கிடைக்காது!"