பேய்த்தேர்னா என்ன?

இன்னிக்கு நாம எடுத்துக்கிட்டிருக்கிற சொல் 'பேய்த்தேர்'. கேட்டதும் ஏதோ ஹாரர் படத் தலைப்பு மாதிரி இருக்கும். ஆனா அகராதியில இதுக்குப் பொருள் கானல் நீர். மே மாச மதியத்துல ஹைவேல போறப்போ, தூரத்துல ரோட்டுல தண்ணி தேங்கின மாதிரி பளபளக்குமே, அதேதான்.

சங்க இலக்கியத்தில் இதற்கு 'வெண்தேர்' என்றும் பெயர் உண்டு. தண்ணீர் என்று நம்பி மான்கள் ஓடிக் களைத்துப்போவது பாலைத்திணையில் வரும் காட்சி. நாம நெருங்க நெருங்க அது நகர்ந்துகிட்டே போறதால 'தேர்'னு சொல்லியிருக்கலாம்ங்கிறது என் ஊகம்.

சரி, பேய் எப்படி உள்ள வந்துச்சு? தமிழ்ல 'பேய்' முன்னால ஒட்டினா ரெண்டு வேலை செய்யும். ஒண்ணு, அளவு மீறினது: பேய்மழை, பேய்க்காற்று. இன்னொண்ணு, அசல் மாதிரியே இருக்கும், ஆனா உதவாது. பேய்ச்சுரை பார்க்க சுரைக்காய்தான், வாயில வெச்சா ஒரே கசப்பு. ராமேஸ்வரத்துல அப்துல் கலாம் நினைவிடம் இருக்கிற ஊர் பேரு பேய்க்கரும்பு. அதுலயும் இதே 'பேய்'தான். தாகத்துக்கு உதவாத தண்ணிக்கும் அந்த அடைமொழி பொருந்துது இல்லையா?

இதுல பேயோட வேலை எதுவும் இல்ல. வெயிலில் சூடான தார்ச்சாலை, தன்னை ஒட்டிய காற்றையும் சூடாக்குகிறது. சூடான காற்றுக்கு அடர்த்தி குறைவு. வானத்திலிருந்து சாய்வாக இறங்கும் ஒளி, அந்தக் காற்றில் வளைந்து, தரையைத் தொடாமலே மேல்நோக்கித் திரும்பி நம் கண்ணுக்கு வருகிறது. அதாவது, ரோட்டுல நீங்க பார்க்கிறது தண்ணி இல்ல, வானம்! 1798-ல் நெப்போலியனின் படையோடு எகிப்து போன காஸ்பார் மோன்ஜ் என்ற பிரெஞ்சு அறிஞர், அங்கே வீரர்களை ஏமாற்றிய கானலுக்கு அறிவியல் விளக்கம் எழுதினார்.

இங்கதான் ஒரு முக்கியமான வித்தியாசம். பேய்த்தேரை போன்ல படம் எடுக்கலாம், பக்கத்துல இருக்கிறவங்களுக்கும் தெரியும். ஏன்னா ஒளி நிஜமாவே அங்கிருந்து வருது. 'பிரமை' அப்படி இல்ல. யாருமே இல்லாதப்போ குரல் கேட்கிறது, உருவம் தெரியிறது எல்லாம் அந்த ஒருத்தருக்கு மட்டும்தான். கேமராவுல சிக்காது. ஆனா அவர் பொய் சொல்லல. அவருக்கு அது உண்மையாவே கேட்குது.

இந்த ரெண்டாவதுக்கும் நம்ம ஊர்ல 'பேய்'னே பேர் வெச்சுட்டோம். அதுக்குக் கொடுத்த விலை பெருசு. 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். டாக்டர்கிட்ட போகாம, பேய் பிடிச்சிருக்குன்னு நம்பி அந்த ஊருக்குக் கூட்டிட்டு வரப்பட்டவங்க நிறைய பேர்.

அதனால ஹைவேல பார்க்கிறதை தாராளமா 'பேய்த்தேர்'னு சொல்லுங்க, அழகான சொல். ஆனா உங்க ஃப்ரெண்ட் "எனக்குக் குரல் கேட்குதுடா"ன்னு சொன்னா, அங்க பேயைக் கொண்டுவராதீங்க. மனநல மருத்துவர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. 14416-க்குப் போன் பண்ணினா 'டெலி மானஸ்' சேவையில இலவசமா பேசலாம்.

அடுத்த எபிசோட்ல இன்னொரு சொல்லோட வர்றேன்.